உச்சந்தலைப் படங்கள்

எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட குழந்தைகள் அத்தனை பேருக்கும் நெற்றி பெரிது, கால் குட்டை. யாரோ மேலே நின்று அதட்டியது போல எல்லாம் அண்ணாந்து விழித்துக்கொண்டிருக்கும். அதட்டியதும் உண்மைதான். "இங்க பாரு, இங்க பாரு" என்று என் அத்தான் போடுகிற சத்தத்தில் பெரியவர்களே மிரண்டுவிடுவார்கள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், கடையின் முதலாளி, புகைப்படக்காரர். ஆள் நல்ல உயரம், அகலத்திலும் குறைவில்லை. கடைத்தெருவில் அவருக்குக் கம்பம் என்று பெயர். நட்ட இடத்தில் நிற்பாரே தவிர வளையமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. அவரோ தன் உயரத்தைப் பாராட்டித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் போய்த் திருத்தவில்லை.

நான் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். அவர் எடுத்த முகங்களில் பருவைத் துடைப்பது, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை வெளுப்பது, கசங்கிய சட்டையோடு வந்தவருக்குக் கோட்டு மாட்டிவிடுவது எல்லாம் என் வேலை. காலையில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பேன். பேனா கீழே விழுந்தால் படம் வாங்க வந்தவர் யாராவது எடுத்துக் கொடுப்பார், இல்லாவிட்டால் அத்தான் காலால் தள்ளிவிடுவார். அதற்கெல்லாம் குனிவது என் கௌரவத்துக்குக் குறைவு. நாள் முழுக்க அடுத்தவர் முகத்தில் குறை தேடுகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அத்தான் ஒரு காலத்தில் வளைந்தவர்தான். எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்தபோது, சாக்கடை ஓரத்தில் குட்டி போட்டிருந்த நாயைப் படம் எடுக்கப் புதுச்சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்தார். மாடியிலிருந்து பார்த்த அக்கா சிரித்த சிரிப்பு கல்யாணத்தில் போய் முடிந்தது. அந்தப் படம் இன்னும் கடைச் சுவரில் இருக்கிறது. நாய்க்குட்டிகள் ஒவ்வொன்றும் நம் கண்ணை நேராகப் பார்க்கும். அவர் கையிலிருந்து வந்த கடைசி நல்ல படம் அதுதான் என்று நான் அவர் காதுபடவே சொல்வேன்.

அப்புறம் வயிறு வந்தது, முட்டி இறுகியது, அத்தான் நிமிர்ந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். முக்காலியைத் தாழ்த்தி வைத்தால் கேமராவுக்குப் பின்னால் இவர் குனிய வேண்டும். குழந்தையை உயரமான ஸ்டூலில் ஏற்றினால் அது இறக்கிவிடச் சொல்லி வீறிடும். மண்டி போட்டாலோ, இவரைத் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். ஆகவே மேலிருந்தே சுட்டுத் தள்ளினார். படம் கோணலாக வந்ததும் லென்ஸ் சரியில்லை என்றார். லென்ஸை மாற்றிய பிறகு விளக்கு சரியில்லை என்றார். விளக்கையும் மாற்றினார். "இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு முகத்துல களையே இல்லம்மா," என்று கடைசியில் என்னிடமே சொன்னார். களை இல்லாத பிள்ளைகளை எங்கே போய் மாற்றுவது!

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். பேத்தி பிறந்து கெடுத்தாள்.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கெட்டி அட்டை போட்ட ஆல்பமாகத் தன் மகளிடம் கொடுத்தார். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் கேக்கும் பலூனும் வந்தவர்களின் காலும் இருந்தன. நடுவில் ஒரு உச்சந்தலை இருந்தது.

"இதுல என் பொண்ணு எங்கப்பா?"

"இதோ இருக்காளே," என்று அந்தத் தலையில் இருந்த சுழியைத் தொட்டுக் காட்டினார் அத்தான்.

அவள் ஆல்பத்தை மூடினாள். "அடுத்த வருஷம் வேற ஆளை வெச்சுக்கறேன்ப்பா. மனசுல வெச்சுக்காதீங்க."

அது போதாதென்று, குழந்தை அவரைக் கண்டாலே அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. அதுவும் என்ன செய்யும்? அதைப் பொறுத்தவரை தாத்தா என்பது ஒரு வயிறு, அதற்கு மேலே ஒரு கருப்புப் பெட்டி, பெட்டிக்குள்ளிருந்து ஒரு அதட்டல். அத்தானின் முகம் செத்துப்போனது. என் பேத்தியை எவனோ எடுப்பதா என்று அக்காவிடம் சொல்லிக் கண் கலங்கினார். எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவமும் அவர் அடுத்த வார்த்தை பேசும்வரைதான்.

"எல்லாம் இந்த எடையாலதான். குறைச்சுக் காட்டறேன் பாரு."

கடைத்தெரு முனையில் ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே இருக்கிற மாஸ்டருக்குத் தோள் இருக்கிறது, கழுத்து இல்லை. எதற்கு வந்தீர்கள் என்று கேட்காமல், எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டாராம். பேத்தியைப் படம் எடுக்க வேண்டும் என்று அத்தான் சொன்னதற்கு, "எடை இறங்கினா மத்ததெல்லாம் தானா வந்துடும் சார்," என்றாராம். இதைவிடச் சுலபமான பதில் எதற்கும் கிடையாது.

அன்றிலிருந்து எங்களைப் பிடித்தது சனி. தலை வாரிக்கொள்ளும் கண்ணாடிக்குக் கீழே எடை மிஷின் வந்து உட்கார்ந்தது. ஒரு பாஸ்போர்ட் படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பார். மூச்சை இழுத்துப் பிடித்தால் எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை வேறு. வீட்டில் அக்கா உப்பில்லாமல் அவித்த காயைத் தட்டில் வைத்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவள் போல எதிரில் உட்கார்ந்திருப்பாள். அத்தான் ஓடும் மிஷினில் நடந்தார், பட்டினி கிடந்தார், உண்மையாகவே இளைத்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஜிம் மாஸ்டர் அவருடைய பழைய வயிற்றையும் புது வயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவரில் ஒட்டினார். அத்தான் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்ய ஆரம்பித்தார். குச்சி போல ஒல்லியாக ஒரு மனிதர் வந்தார், வேலைக்கு மனுப் போடப் படம் வேண்டும் என்று. அவரையும் சர்க்கரையை விடச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் மகள் குழந்தையோடு கடைக்கு வந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு லென்ஸ் மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "இப்பப் பாரு," என்று அத்தான் கேமராவை எடுத்தார். இடுப்பிலிருந்து மடங்கினார். முட்டியும் இடுப்பும் பூட்டு போட்டதுபோல நின்றுவிட்டன. பாதி வழியில் மேஜையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று முனகினார். முனகலைக் கேட்ட குழந்தை அலறி ஓடியது. வந்த ஒரே படத்தில் பழைய உச்சந்தலை, கொஞ்சம் முடி கூடியிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எடைதான் இறங்கியிருக்கு அத்தான். நீங்க இன்னும் இறங்கல."

வழக்கமாகத் திட்டுவார். அன்றைக்குக் கேமராவை உறையில் போட்டு மூடினார். மறுநாள் எடை மிஷினைத் தூக்கி, ஓடாத மின்விசிறிக்குப் பக்கத்தில் போட்டார். ஜிம்முக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னதை அவரே என்னிடம் வந்து சொன்னார்.

"எடை எப்படியோ போகட்டும். நான் குத்துக்காலிட்டு உட்காரணும். கேமரா கையில இருக்கணும், ஆடாம இருக்கணும். எழுந்திருக்கும்போது யாரும் கை கொடுக்கக் கூடாது. எனக்கு இவ்வளவுதான் வேணும்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"இதெல்லாம் ஒரு லட்சியமா சார், இதுல சுவத்துல ஒட்ட என்ன இருக்குன்னார்."

ஒரு மனிதன் உட்கார்ந்து எழுந்திருப்பதை யார் சுவரில் ஒட்டுவார்கள்? பார்க்க வயிறு வேண்டும் அவர்களுக்கு. ஜிம்மில் இதற்கு ஆதரவு இல்லை என்றதும் அத்தான் தன் கடைக்குள்ளேயே வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடங்களில் கூட்டமாகப் படம் எடுக்கும்போது பின்வரிசை ஏறி நிற்பதற்கென்று மரப்பெட்டிகள் வைத்திருக்கிறோம். அவற்றைப் பின்திரைக்கு முன்னால் உயரமாக அடுக்கினார். அதன்மேல் மெதுவாக உட்கார்ந்தார், கை ஊன்றாமல் எழுந்தார். அது பழகியதும் ஒரு பெட்டியை உருவினார். இன்னும் கொஞ்சம் கீழே போய் உட்கார்ந்தார். அப்புறம் இன்னொன்றை உருவினார்.

நான் சும்மா இருப்பேனா? "முட்டை எத்தனை வெச்சிருக்கீங்க அத்தான்?" என்பேன். "குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க." ஒருநாள் நிலை தடுமாறிப் பின்திரையைப் பிடிக்க, நீல வானமும் மேகமும் அவர்மேல் சரிந்து விழுந்தன. உள்ளே கிடந்தபடி, "சிரிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டார். முடிக்கவில்லை என்றேன். வெளியே வந்து பெட்டியை மறுபடி அடுக்கினார்.

இதற்குள் அக்கா பழையபடி சமைக்க ஆரம்பித்திருந்தாள். அவர் பழையபடி சாப்பிட்டார். போன வயிறு பாதி திரும்பி வந்தது. தலையில் தூக்கி வைத்த தெரு பொத்தென்று கீழே போட்டது. மாஸ்டர் சுவரிலிருந்து படத்தைக் கிழித்துவிட்டதாக நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா," என்று கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. சொன்னதற்குக் கோபப்படாத மனிதரோடு எப்படிப் பேசுவது?

இரண்டாவது பிறந்தநாள் வந்தது. மகள் சொன்னபடியே வேறு ஆளை வைத்திருந்தாள். குடுமி போட்ட ஒருவர், வண்டிக்கு அடியில் புகுந்த மெக்கானிக் மாதிரி தரையில் புரண்டு புரண்டு எடுத்தார். அத்தான் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டி, ஜன்னல் ஓரமாக நின்றார். கூப்பிடாத இடத்துக்கு வந்துவிட்டவர் போல இருந்தது அவர் நிற்பது.

"வேடிக்கை பாக்கவா வந்தீங்க?" என்று அவர் காதில் சொன்னேன். இந்தத் தடவை கேலிக்காகச் சொல்லவில்லை.

கேக் வெட்டியாயிற்று. குடுமிக்காரர் தட்டோடு பால்கனிக்குப் போய்விட்டார். கூடத்தின் நடுவில் குழந்தை ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அத்தான் போய் அதன் எதிரில் நின்றார். காலை அகட்டினார். கீழே போக ஆரம்பித்தார்.

"ஐயோ, பிடிங்க, விழறாரு!" என்று யாரோ கத்த, நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க," என்றார் அத்தான். அதட்டவில்லை. குழந்தை பயந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னார்.

இறங்கினார். கேமரா கண்ணில் இருந்தது, கை ஆடவில்லை. குழந்தை தலையைத் தூக்கியது. அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. நேர் எதிரே இருந்தார். பெட்டியை விட்டுவிட்டு அவரிடம் வந்தது. லென்ஸுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது. பிறகு கேமராவை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டு, பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தது. மூக்கைத் தொட்டது. "தாத்தா," என்றது.

அத்தான் படம் எடுக்கவில்லை. இத்தனை மாதமாக எதற்காக உட்கார்ந்து எழுந்தாரோ அதையே மறந்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை, இத்தனை நீள வாய் இருந்தும்.

"சித்தி, எடுங்க, சீக்கிரம் எடுங்க!" என்று மகள் கத்தினாள்.

போன் என் கையில்தான் இருந்தது. எந்த உயரத்தில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் வாய் கிழியச் சொன்னவள் நான்தானே. குனிந்தேன். முட்டியில் சடக்கென்று ஒரு சத்தம். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே ஒரு விரல்கடைகூடப் போக முடியவில்லை. அரைகுறையாக வளைந்து, சோபாவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அமுக்கினேன்.

அத்தான் யார் கையையும் பிடிக்காமல், குழந்தையையும் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார். போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு உச்சந்தலைகள் தெரிந்தன. ஒன்று வழுக்கை, ஒன்றில் சுழி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, லென்ஸ் சரியில்லையா?"

அந்தப் படம்தான் இப்போது மகளின் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குடுமிக்காரர் எடுத்ததெல்லாம் ஆல்பத்துக்குள் கிடக்கிறது. மறுநாள் கடையில் என் பேனா கீழே விழுந்தது. படம் வாங்க வந்தவர் எடுக்கப் போனார். அத்தான் அவரை வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டு, உள்ளே போய் மரப்பெட்டிகளைத் தூக்கிவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உயரமாக அடுக்க ஆரம்பித்தார்.