பவித்ரா பேசாத பதினோரு நாட்கள்

அவளுக்குப் பேச்சு அடைத்த முதல் நாள் நான் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு வயது மகள் பவித்ரா பால் கேட்டாள். “அம்மா, ப-ப-ப-பால்.” விளையாடுகிறாள் என்று நினைத்து நானும், “ப-ப-பால் தீந்து போச்சே” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரே மாதத்தில் நிலைமை முற்றியது. சொல் அடைக்கும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக மூடுவாள், காலால் தரையை உதைப்பாள். தன் பெயரையே சொல்ல வரவில்லை.

இதற்குத் திக்கல் (சொல் மனதில் தெளிவாக இருந்தும் வாயில் தடைபடுவது) என்று பெயர். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான். வசம்பு உரசி நாக்கில் தடவினேன். “மெதுவாச் சொல்லு”, “மூச்சு விட்டுட்டுச் சொல்லு” என்று ஓயாமல் அதட்டினேன். பாதியில் நின்ற சொல்லையெல்லாம் நானே முடித்துவைத்தேன். உதவி செய்கிறேனாம்!

நான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி, தமிழ் மட்டும்தான். கணவர் வீட்டில் தெலுங்கு. காரிமங்கலம் பக்கம் தக்காளி லோடு ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். வெளியில் நன்றாகத் தமிழ் பேசுவார். மகளைக் கொஞ்சுவது மட்டும் தெலுங்கில்தான். அவள் அவரை ‘நைனா’ (அப்பா) என்பாள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சொன்னார்: “ரெண்டு பாசையப் போட்டுக் கலக்குனா கொழந்த நாக்கு எந்தப் பக்கந்தான் திரும்பும்? ஒன்ன நிறுத்துங்க.” பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது எனக்கு. அன்று சாயங்காலமே கணவரிடம், “இனிமே பாப்பாகிட்ட ஒரு வார்த்த தெலுங்கு பேசக் கூடாதுங்க, ஆமா” என்றேன். அவள் ‘நைனா’ என்று ஆரம்பித்தாலே, “அப்பான்னு சொல்லு” என்று திருத்தினேன்.

அவரும் முயன்றார். “பாப்பா, சாப்ட்டியா?” என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டார். பிறகு அதையும் விட்டுவிட்டார். அடுத்த வாரம் பவித்ரா பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

பதினோரு நாள். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டினாள். விழுந்து முட்டியில் தோல் உரிந்தபோதுகூடச் சத்தமில்லாமல் அழுதாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

தருமபுரியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரை (பேச்சுக் குறைபாடுகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்) போய்ப் பார்த்தோம். நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“ரெண்டு மொழி பேசுறதால திக்கல் வராதுங்க. தெலுங்க நிறுத்தச் சொன்னது யாரு?”

நான் வாய் திறக்கும் முன், “நான்தாங்க மேடம்” என்றார் கணவர்.

அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை எனக்கு. “பொய் சொல்றாருங்க. நான்தான் சொன்னேன்” என்றேன்.

“யாரு சொன்னா என்னங்க, இனிமே பேசுங்க. அவ சொல்ற வார்த்தைய நீங்க முடிச்சு வைக்காதீங்க, திருத்தாதீங்க. முகத்தப் பாத்துக் காத்திருங்க.”

“சரியாப் போயிருமா மேடம்?”

“நெறைய கொழந்தைங்களுக்குக் குறைஞ்சிரும். உங்க பாப்பாவுக்கு எப்படின்னு இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன். திக்குனாலும் பேசணும். அதுதான் முக்கியம்.”

வீட்டுக்கு வந்ததும் கணவர் அவளை மடியில் வைத்து, “ரா பங்காரு” (வா தங்கமே) என்றார். சட்டென்று தன் கையால் அவர் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள். பாவி, பெற்ற பிள்ளையை அப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்!

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வாயில் அடிக்கடி கேட்டிருந்த ஒரு சொல்லைச் சொன்னேன். “செப்பு (சொல்லு) சாமி.”

கை மெல்ல இறங்கியது. “நை... நை...” என்று அடைத்தது. கழுத்து புடைத்தது. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்பில் குக்கர் ஒரு விசில் அடித்தது. யாரும் எழவில்லை. அவ்வளவு நீளமான நேரத்தை நான் அதுவரை கண்டதில்லை.

“நை-நை-நைனா.”

எதை ஒழித்துக்கட்ட இத்தனை அலைந்தேனோ, அந்தத் திக்கலைக் காதால் கேட்டதும் வாய்விட்டு அழுதேன்.

இன்னும் திக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடப்போகிறாளோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. அவள் ஒரு சொல்லில் நிற்கும்போதெல்லாம் என் தாடையும் இறுகி வலிக்கிறது. போன வாரம் பஸ்ஸில் ஒரு பெரியவர் பெயர் கேட்டார். “ப-ப-” என்று நின்றாள். அவர் இரக்கத்தோடு என் பக்கம் திரும்பி, “பாப்பா பேரு என்னம்மா?” என்றார்.

“இருங்க” என்றேன். “அவ சொல்லுவா.”