அம்மா திரும்பக் கேட்ட கார்டுகள்

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சந்தேகத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. அப்பா மலாக்கா தபால் ஆபீசில் கடிதம் பிரிப்பவர். இருபது வருஷம் பிறத்தியார் விலாசங்களைப் பார்த்துப் பார்த்து, விலாசத்தில் இருப்பவன் ஒருவன், வீட்டில் இருப்பவன் வேறொருவன் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பால்காரரை நம்பமாட்டார், பஸ் கண்டக்டரை நம்பமாட்டார், சுவர்க்கடிகாரத்தைக் கூட ரேடியோவில் மணி சொல்லும்போது ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் நம்புவார். நான் அவருக்குப் பிறந்தவள். பத்து வயதிலேயே, அம்மா எனக்கும் தம்பிக்கும் பங்கு வைக்கும் பலகாரத்தை நின்று கண்காணிப்பேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு தகரப் பெட்டியோடு காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். துரை தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டாராம். சிங்கப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி மாமாவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் அவர் ஏஜெண்டு. சேர்க்காவிட்டால் கடிதம் செல்லாது. சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, உட்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது. இதுவும் கைவிட்டுப் போனால் ஏதாவது ஒரு தோட்டத்தில் மரம் சீவிப் பால்வாளி தூக்கத்தான் போகவேண்டும் என்று மாமா சொன்னபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஆபீஸ் இல்லாதவனுக்குக் கார்டுதாங்க்கா ஆபீஸ்” என்றார் மாமா.

அந்தக் கார்டை உருவாக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. சட்டைப் பெட்டி அட்டையை விதவிதமான அளவில் வெட்டி, அப்பா வேலைக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் பரப்புவார். சட்டைப் பைக்குள் அடங்கவேண்டும். பெண்கள் இடுப்பில் செருகும் சுருக்குப் பைக்குள்ளும் போகவேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. தன் படத்தைப் போட ஆசைப்பட்டார். தனி ஆள் படம் போட்டால் கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும் என்று அம்மா தடுத்துவிட்டாள். சாவு என்ற சொல்லே வராமல் தொழிலை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் திண்டாடி, ‘குடும்பப் பாதுகாப்பு’ என்று எழுதினார். அதையே மலாயிலும் இங்கிலீஷிலும் போட்டார். பின்பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னார். வெறும் பக்கம் இருந்தால் எதையாவது எழுதிக்கொள்ளலாம் என்று ஜனங்கள் தூக்கிப் போடமாட்டார்கள் என்றார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியை நான்தான் எழுதினேன். கடைசி வரியில் எங்கள் வீட்டு நம்பரும் தெருவும் வந்தன. அப்பாவைக் கேட்டாரா என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. கேட்கவில்லை என்பது மாமாவின் காதைப் பார்த்தாலே தெரிந்தது, சிவந்திருந்தது.

கார்டு அச்சாகி வந்ததும் அம்மா மங்களகரமாக இருக்கட்டும் என்று ஒரு கட்டை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். அந்தக் கட்டு போன வீடுகளிலெல்லாம் மாமாவுக்கு எப்போது கல்யாணம் என்று விசாரித்தார்கள். பெண் பெயரைப் போடாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறானே, என்ன கோளாறோ என்றும் பேசிக்கொண்டார்கள்.

மஞ்சள் தடவாத கார்டுகளுக்கும் இதே கதிதான். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலம் இன்னும் முழுசாக முடிந்திருக்கவில்லை. யாராவது வீடு தேடி வந்து பெயர் என்ன, வயது என்ன, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் ஜனங்கள் பதில் சொல்வார்கள். மாமா கேட்டதெல்லாம் சரியாக அந்தக் கேள்விகள். போலீசுக்குத் தகவல் கொடுப்பவன் என்றார் ஒருவர். கார்டை வாங்கினாலே கையெழுத்துப் போட்ட மாதிரி என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு லாரி டிரைவர் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். வீட்டிலும் மலாயே பேசும் செட்டிகள் வாழ்ந்த கம்போங் செட்டியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியம்மா, ‘தா போலே, தா போலே’, முடியாது முடியாது என்று மலாயில் தலையாட்டி மறுத்தும் மாமா விடாமல் கொடுத்ததால், வீட்டுக்குள் கொண்டுபோகப் பயந்து வாசல் பூந்தொட்டியில் செருகி வைத்திருந்தார். இரண்டு மாதம் ஓடியது. சேர்ந்தவர் ஒரே ஒருவர், அவரும் கார்டு அடித்துக் கொடுத்த சீனர். மாமா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது. கூட வேலை செய்பவர் ஒருவர், உன் வீடு எப்போது கம்பெனி ஆயிற்று என்று கேட்டு ஒரு கார்டை நீட்டிவிட்டார். விலாசம் என்பது அப்பாவுக்குத் தாலி மாதிரி, இரவல் கொடுக்கிற பொருள் அல்ல. வீட்டுக்கு வந்ததும் மாமாவைத் தாண்டி உள்ளே போனார். அம்மாவைக் கூப்பிட்டார்.

“என் வீட்டு நம்பரு தெருத்தெருவா சுத்துது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசு இந்தக் கதவத்தான் வந்து தட்டும். ஒண்ணு விடாம நீயே போய்த் திருப்பி வாங்கிட்டு வா. ஏன் எதுக்குன்னு யார்கிட்டயும் விளக்கம் சொல்லிட்டு நிக்கக் கூடாது. உன் தம்பி தொழில் பேச்சே உன் வாயில வரக் கூடாது.”

அம்மா “சரிங்க” என்றாள். சாதாரணமாக அப்பா ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் பதில் சொல்பவள், ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது அப்பாவுக்கே பிடிக்கவில்லை. அக்காவும் தம்பியும் கூட்டு என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடவே போய் அம்மா ஒழுங்காகக் கேட்கிறாளா, அவர்கள் கொடுக்கிறார்களா என்று பார்த்துவந்து தினமும் சொல்லவேண்டும் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா குளித்து, தலைவாரி, நல்ல சேலை கட்டி, எங்கள் வீட்டு விளக்கை ஏற்றிவிட்டுக் கிளம்பினாள். ஆண்கள் வேலையிலிருந்து திரும்பியிருக்கும் நேரம் அது. எல்லா வீட்டிலும் அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். முதலில் லாரி டிரைவர் வீடு. அம்மா உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, தம்பி ஒரு கார்டு குடுத்துச்சாமே. அதத் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

“யாரு, போஸ்டாபீஸ்காரரா?”

“ஆமாண்ணே.”

“ஏனாம்?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

டிரைவர் அம்மாவைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, விளக்கு வைத்த நேரத்தில் வீட்டிலிருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லையே என்றார். ஆமாம், மறந்தே போய்விட்டேன் என்று அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டாள். நாங்கள் வாசலைத் தாண்டியபோது நான் திரும்பிப் பார்த்தேன். டிரைவர் தரையில் முழங்காலிட்டு மேஜைக் காலுக்கு அடியிலிருந்து எதையோ உருவிக்கொண்டிருந்தார்.

அன்று ஆறு வீடு. ஆறிலும் அம்மா அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள், ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. ஆறிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வந்து அப்பாவிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். அம்மா எல்லாரையும் கேட்டாள், யாருமே கொடுக்கவில்லை. அப்பா நாளைக்கும் போகச் சொன்னார்.

மூன்றாம் நாள் பாசாரில் இரண்டு பெண்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பேசியது எனக்குக் கேட்டுவிட்டது. போஸ்டாபீஸ்காரர் அரசாங்க ஆள், அவருக்கு ஏதோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, வெள்ளைக்காரன் போகும்போது ஏதோ ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறான், அது கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான், அதனால்தான் பிடுங்கித் தன் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார் என்றார்கள். அப்பாவை இப்படிப் பேசுகிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களிடம் போய்ச் சொல்லு என்று அம்மாவின் சேலையை இழுத்தேன். அப்பா யாருக்கும் விளக்கம் சொல்லக் கூடாது என்றிருக்கிறாரே என்று அம்மா கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினாள்.

கம்போங் செட்டிப் பெரியம்மா வீட்டில் பூந்தொட்டி காலியாக இருந்தது. கார்டு சாமி அறைக்குள் போய்விட்டது. அம்மா கேட்டதும் பெரியம்மா கெபாயாச் சட்டையின் முன்பக்கத்தைச் சரிசெய்துகொண்டு, நான் வாங்கியதை நான் ஏன் கொடுக்கவேண்டும் என்று மலாயில் கேட்டார். தெருக்கோடியில் ஒரு கிழவர், வாட்ச்மேனாக இருந்தவர், ஒண்டிக்கட்டை. அவரிடமும் ஒரு கார்டு இருப்பதை நான் நோட்டில் குறித்திருந்தேன். அங்கே வேண்டாம், அவருக்கு யார் இருக்கிறார்கள் பாவம் என்று அம்மா தாண்டிப் போய்விட்டாள். அம்மாவுக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒருவர்தான் கார்டைக் கொடுக்க முன்வந்தார், தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். விளக்கு, நேரம் என்றெல்லாம் பார்க்காதவர். இந்தாங்க என்று உள்ளேயிருந்து எடுத்துவந்து நீட்டினார். அம்மா நெருப்பைக் கண்டவள் போல ஒரு எட்டு பின்னால் போனாள். “ஐயோ, வேணாங்க சார். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் உங்க வீட்டுலேருந்து எதையும் வாங்கிட்டுப் போகக் கூடாது. இன்னொரு நாளைக்கு வரேன்.” அந்த இன்னொரு நாள் வரவில்லை. இதையும் அப்பாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றதும் அவரும் தலையாட்டி ஒத்துக்கொண்டார். இந்த மாதிரி விஷயங்களில் அப்பா கெட்டி.

இதற்கிடையே எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. ரம்புத்தான் மரத்தடியில் மாமா உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் மடியிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ கார்டை எடுத்துக் காட்டி, இது செல்லும்தானே, உங்கள் அத்தானுக்குத் தெரியவேண்டாம் என்பார்கள். மாமா திகைத்துப்போய், செல்லும் என்பார். பிறகு உட்காரவைத்து, தான் இல்லாமல் போனால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று பொறுமையாக விளக்குவார். கேட்டுவிட்டு இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் பெயரும் வயதும் பிள்ளைகள் கணக்கும் தாங்களாகவே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். லாரி டிரைவரின் மனைவி பக்கத்தில் நின்று, அவர் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பாரக் காகிதத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். இதை அப்பாவிடம் சொல்லவேண்டுமா என்று எனக்குக் குழப்பம். அம்மா கேட்பதைப் பார்க்கத்தான் சொன்னார், மாமாவைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆகவே சொல்லவில்லை.

கெடு முடிய நான்கு நாள் இருந்தது. பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று மாமா அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன். சந்தோஷமாகச் சொல்லவேண்டியதை அழாத குறையாகச் சொன்னார், ஏனென்றால் அதற்குப் பிறகு பின்வாசலுக்கு யாரும் வரவில்லை. பதினொன்று என்பது கம்பெனிக்குச் சைபர்தான்.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் கடைசிக் கணக்குக் கேட்டார். நான் நோட்டை விரித்துப் படித்தேன். நாற்பத்தோரு வீடு, கிடைத்த கார்டு ஒன்றும் இல்லை. அப்பா நோட்டை வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தார். கார்டு வைத்திருந்த அத்தனை பேரும் அதை விடமாட்டேன் என்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என்னிடம் கேட்பது போல அம்மாவைக் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கென்னங்க தெரியும். தொழில் பேச்சே கூடாதுன்னுட்டீங்க. உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்ல, ஆபீசுல குடுத்தது. அதையாவது குடுங்க, தம்பிகிட்ட சேத்துடறேன்.”

அப்பாவின் கை சட்டைப் பைமேல் போயிற்று. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் விளக்குக் கூட வைக்கவில்லை.

“அது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அப்பா, பைமேல் வைத்த கையை எடுக்காமலே, பின்வாசல் பக்கம் நடந்தார். அங்கே மாமா உட்கார்ந்திருந்தார்.

அம்மா அடுப்பங்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். நாற்பத்தோரு வீட்டில் கெஞ்சியிருக்கிறாள், ஒருவர் கூட மதிக்கவில்லை. கடைசியில் சொந்தப் புருஷனும் இல்லை என்று சொல்லிவிட்டார். இப்படித் தோற்றுப்போன அம்மாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அம்மா, நாளைக்கி நான் மட்டும் போய்க் கேட்டுப் பாக்கட்டுமா? காலையிலயே போறேன்.”

அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள். ஈரக் கையோடு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டா கண்ணு. நீ கேட்டா குடுத்துருவாங்க.”

அம்மாவால் முடியாதது என்னால் முடியும் என்று அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டாள். அந்தப் பெருமையில் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படியானால் ஏன் என்னை அனுப்பவில்லை என்று மட்டும், எதையும் சந்தேகப்படுகிற எனக்கு, அன்றைக்குத் தோன்றவே இல்லை.