சாரதி ஆசனத்தில் எங்கள் அம்மா

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே,

உங்களில் பாதிப்பேராவது எங்கள் அம்மாவின் காரில் ஏறியிருப்பீர்கள். கோயிலுக்கோ, வைத்தியசாலைக்கோ, விமான நிலையத்துக்கோ அவர் உங்களைக் கொண்டுபோய் விட்டிருப்பார். ஆகவே நான் எழுதப்போவதில் சில பகுதிகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். தெரியாதவற்றுக்காகவே எழுதுகிறேன்.

அம்மா யாழ்ப்பாணத்து மட்டுவிலில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நாலாவது. படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும், நாட்டு நிலைமை மோசமானபோது பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோனது. முதலில் அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த அப்பா, பின்னர் அம்மாவை இங்கே அழைத்தார். செயின்ட்-மிஷேலில் ஓர் இரண்டாம் மாடி வீடு. வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படி. வந்த முதல் மாரியிலேயே, உறைபனி படிந்த அந்தப் படியில் அம்மா சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு அவர் அப்பாவிடம் சொன்னாராம்: “இந்த ஊரிலை நிமிர்ந்து நடக்கப் பழகாமல் நான் சாகமாட்டன்.” அந்த வீட்டில்தான் நானும் தம்பியும் பிறந்தோம்.

அப்பா தீவின் மறுபக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். காரை அவரே ஓட்டினார். அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் தையல் வேலைக்குப் போனார். நானும் தம்பியும் உயர்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பாவின் நீரிழிவு கண்ணைப் பிடித்தது. பக்கத்தில் இருப்பவரின் முகம் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். இனிக் கார் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேலையும் போனது. அப்பா பல நாட்கள் யன்னலோரக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அம்மா தையல் வேலையை விட்டுவிட்டு, அப்பா வேலை செய்த அதே பண்டகசாலையில் பொதிகட்டும் பகுதியில் சேர்ந்தார். பஸ்ஸும் மெற்றோவும் மாறி மாறிப் போய்வரவே அரை நாள் போய்விடும். “நான் கார் பழகப்போறன்” என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். அப்போது மார்கழி மாதம். அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, அன்று வீட்டுக்கு வந்திருந்தார்.

“உனக்கென்ன விசரே பிள்ளை? இந்த ஸ்னோவுக்கை ஆம்பிளையளே கார் எடுக்கப் பயப்பிடுகினம். கோடை வரட்டும், பேந்து பாப்பம்.”

“கோடையிலை பழகினால் கோடையிலைதான் கார் ஓடலாம், அத்தான்” என்றார் அம்மா.

சோதனையில் முதல்தரம் தவறினார். இரண்டாம் தரமும் தவறினார். பரிசோதகர் பிரெஞ்சில் சொன்ன இடம் வலம் அம்மாவுக்குக் குழம்பிப்போனது. வீட்டுக்கு வந்து காப்பைக் கழற்றி வலது கைக்கு மட்டும் போட்டுக்கொண்டார். நானும் தம்பியும் நாள் முழுக்கப் பிரெஞ்சில் “வலம்”, “இடம்” என்று கத்துவோம். சமைத்துக்கொண்டே அந்தந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். மூன்றாந்தரம் சித்தியடைந்து வந்த அன்று, அப்பா தடவித் தடவி அரிசிமா குழைத்துப் புட்டு அவித்து வைத்திருந்தார். அன்று முதல் எங்கள் வீட்டுச் சமையல் அப்பாவுடையது, வீதி அம்மாவுடையது. அப்பாவின் புட்டு அம்மாவின் புட்டைவிட நன்றாக இருக்கும். அம்மாவே இதை ஒத்துக்கொண்டார் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவின் வாழ்க்கையில் நான் என்றும் பெருமையோடு சொல்லும் நாள் ஒன்று உண்டு. அந்த நாளின் பாதி அப்பா சொல்லித் தெரிந்தது, மீதி நான் கண்டது.

திருமணத்தின் பின் நான் வடக்கே சிக்கூட்டிமியில் தாதியாக வேலை செய்தேன். முதல் பிள்ளை வயிற்றில். நாள் குறித்ததற்கு முன்பே ஒரு தை மாதக் காலையில் எனக்குப் பிரசவ நோ தொடங்கிவிட்டது. கணவர் வேலை நிமித்தம் இன்னும் வடக்கே போயிருந்தார். பனிப்புயலால் அவருடைய விமானம் எழும்பவில்லை. பயத்தில் அம்மாவை அழைத்தேன்.

“பயப்பிடாதை. நானும் கொப்பரும் வெளிக்கிடுறம்.”

“அம்மா, ரேடியோவிலை ஒருத்தரையும் வெளிக்கிட வேண்டாமெண்டு சொல்லுறாங்கள்.”

“அது வேலையில்லாதவைக்குச் சொல்லுறது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கியூபெக் நகரம்வரை சமாளித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு காட்டுக்குள்ளால் போகும் நெடும் பாதை. மலையில் ஏற ஏறக் காற்று பனியை வாரி அடித்தது. முன்னுக்குப் போன வண்டி மறைந்தது, வீதியின் கோடு மறைந்தது, கடைசியில் காரின் மூக்கும் மறைந்தது. கார் ஆமையாக ஊர்வதிலேயே அம்மாவின் பயம் அப்பாவுக்குத் தெரிந்ததாம்.

“என்னப்பா, ஒண்டும் தெரியேல்லையே!”

“அப்ப இப்ப உமக்கும் எனக்கும் ஒரே பார்வைதான்” என்றார் அப்பா.

அந்த நேரத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பயம் விட்டது. அப்பா தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். வீதியோரத்தில் தாரில் வெட்டியிருக்கும் வரிகளில் சில்லு ஏறினால் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, “வலப்பக்கம் இழுக்குது, கொஞ்சம் இடத்தாலை… ஓம், அப்பிடியே போம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். முகத்தில் பனி அடிக்க அடிக்க அவர் சொன்னார், அம்மா ஓட்டினார். ஆளோடு ஆள் சேர்ந்து ஒரு சாரதியாக அந்த மலையைக் கடந்தார்கள்.

காட்டின் நடுவே இருக்கும் தரிப்பிடத்தில் பொலிஸார் பாதையை மறித்திருந்தார்கள். பாதை மூடியாயிற்று, எல்லோரும் உள்ளே போய் இருங்கள் என்றார்கள். அம்மா காரை விட்டு இறங்கி, இளம் பொலிஸ்காரர் ஒருவர் முன்னால் போய் நின்றார். “மா ஃபீய்” என்று தன் நெஞ்சைத் தொட்டார். என் மகள். “பெபே” என்று வயிற்றைக் காட்டினார். குழந்தை. “ஓஜூர்துயி!” இன்றைக்கு! பிறகு இரண்டு கையாலும் பாதையைக் காட்டினார். வந்த காலம் முதல் படித்த பிரெஞ்சில் அவருக்கு அந்த நேரம் வாயில் வந்தது அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

பிற்பகல் முழுக்க அங்கே காத்திருந்தார்கள். காற்றுத் தணிந்ததும், பனி அள்ளும் பெரிய வண்டி முன்னே போக, மற்றவர்களை வரிசையாக விட ஏற்பாடானது. அந்தப் பொலிஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து, “மதாம் பெபே! மதாம் பெபே எங்கே?” என்று கூப்பிட்டார். பாரவண்டிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட, பனி அள்ளும் வண்டிக்கு அடுத்ததாக முதலாவது காராக எங்கள் அம்மாவின் கார் புறப்பட்டது. பாரவண்டிக்காரர்கள் ஹோர்ன் அடித்து வழியனுப்பினார்களாம். அப்பா இதைச் சொல்லும்போது இப்போதும் இருந்த இடத்திலேயே நிமிர்ந்துவிடுவார்.

பொழுதுபட்டு வெகுநேரம் கழித்து, பிரசவ அறைக் கதவைத் திறந்துகொண்டு கோட்டுத் தோளில் பனியோடு அம்மா நின்றார். நான் அழத் தொடங்கினேன்.

“அழுகிறதுக்குப் பேந்து நேரமிருக்கு. இப்ப மூச்சை இழுத்து விடு” என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையைப் பிடித்தபடிதான் என் மகளைப் பெற்றேன்.

மகளுக்கு இப்போது பதினைந்து வயது. தன் சிநேகிதிகளிடம் பிரெஞ்சில் இந்தக் கதையைச் சொல்லும்போது, அதில் ஒரு கரடியையும் சேர்த்துக்கொள்கிறாள். அம்மா அதைத் திருத்தவில்லை.

அதன் பிறகு அம்மாவுக்குக் குளிர்காலப் பயணம் ஒரு பிரியமாகவே ஆகிவிட்டது. ஓய்வுபெற்றதும் ஒவ்வொரு மாரியிலும் அப்பாவை ஏற்றிக்கொண்டு எங்காவது புறப்படுவார். ஆற்றங்கரையோரமாக ஓட்டிப்போய்க் காரை நிறுத்தி, காண்பதை அப்பாவுக்குச் சொல்வார். “இஞ்சாருங்கோ, ஆறு முழுக்க உறைஞ்சு ஆனையிறவு உப்பளம் மாதிரிக் கிடக்குது. நடுவிலை மட்டும் ஒரு நீலக் கீறு.” அப்பா கேட்டுக்கொண்டே, போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அந்தக் காரின் பின் ஆசனத்தில் அதிகம் ஏறியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? எங்கள் பெரியப்பாதான். “பிள்ளை, மெதுவாப் போ” என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. ஏறியதும் நித்திரையாகிவிடுவார்.

சென்ற இலையுதிர் காலத்தில் அம்மாவின் இதயம் தளர்ந்தது. வைத்தியசாலையில் கிடந்த வாரங்களில் தன்னைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. கடைசி மாலை, யன்னலுக்கு வெளியே பனி தூறத் தொடங்கியபோது, தம்பியைப் பார்த்து, “காருக்கு மாரி ரயர் போட்டிட்டியோ?” என்று கேட்டார். “ஓம் அம்மா” என்றான். தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலை, நாங்கள் எல்லோரும் சூழ்ந்திருக்க அமைதியாக எங்களைப் பிரிந்தார்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டவுடன் ஓடிவந்த அயலவருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் பக்கத்து வில்லரேயிலிருந்து வேளை தவறாமல் உணவு கொண்டுவந்த சகோதரிகளுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் எங்களோடு இருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இறுதிக் கிரியை நாளன்று மொன்றியலில் கொட்டிய பனி உங்களுக்கு மறந்திராது. ஒருவரும் வரமுடியாது என்றே நாங்கள் எண்ணினோம். ஆனால் மண்டபம் நிரம்பி, கதிரை போதாமல், சுவரோரமெல்லாம் நின்றீர்கள். ரொறன்ரோவிலிருந்தும் ஒட்டாவாவிலிருந்தும் விடியமுன் புறப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! வாசலில் நின்ற அப்பா, பனியை உதறப் பூற்ஸ் தட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கையை நீட்டி, வந்தவர் யாரென்று கேட்க முதல், “ரோட்டு எப்பிடி?” என்றுதான் கேட்டார்.

ஒவ்வொருவராக அவருடைய கையைப் பிடித்து, ஒரே மறுமொழியைத்தான் சொன்னீர்கள்:

“பரவாயில்லை அண்ணை. ஓடிக்கொண்டு வந்திட்டம்.”

என்றும் நன்றியுடன்,
கணவர், மகன், மருமக்கள், பேரப்பிள்ளைகள் சார்பில்
மகள்