நிற்காத கத்தி

முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவதில் தரையில் கிடந்தேன். மலேசியாவின் பத்து பகாட் ஊரில் நான் வேலை பார்த்த துணி ஃபேக்டரியின் கார் பார்க்கில், பட்டப்பகலில். அடித்தவன், எங்கள் வெட்டு மெஷினை ஓட்டிய பெண்ணின் தம்பி. அன்று காலை துணி சிக்கிக்கொண்டதென்று அவள் ஸ்டாப்பை அமுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறாள். கத்தி நிற்கவில்லை. இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன.

“எங்கக்கா ஸ்டாப் அமுக்கினாங்கடா! ஏன்டா நிக்கல?” என்று கத்திக்கொண்டே விலாவில் உதைத்தான். காவலுக்கு நின்ற ஜாகா ஓடிவந்து அவனை இழுத்துப்போனார்.

அந்த மெஷினுக்குப் பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதியவன் நான். முந்தின நாள்தான் அதைத் திருத்தி, சோதிக்காமல் ஓடவிட்டிருந்தேன். ஆனாலும் வயர்க் கோளாறு என்றே மேனேஜரிடம் சாதித்திருந்தேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டுக் காரில் உட்கார்ந்து, சிங்கப்பூரில் புரோகிராமராக இருக்கும் காலேஜ் தோழியைப் போனில் வீடியோ காலில் கூப்பிட்டேன். லேப்டாப் திரையை அவளுக்குக் காட்டினேன்.

“எரர் ஏதாச்சும் வந்துச்சா?”

“ஒண்ணும் வரல. அதான் புரியல.”

மெத்தட் என்னும் கட்டளைத் தொகுப்புகள் அடங்கிய மெஷினின் கிளாஸைப் படித்தாள். “ஸ்டாப் மெத்தட் சரியாத்தான் இருக்கு. அதைக் கூப்பிடுற இடத்தைக் காட்டு.”

காட்டினேன். வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

“ஐயோ, அலமாக்! ஸ்டாப்னு பேர் மட்டும் எழுதியிருக்க. பின்னால பிராக்கெட் எங்க?”

பேருக்குப் பின்னால் () என்ற பிராக்கெட் இல்லாவிட்டால் பைத்தான் அந்த மெத்தடை ஓட்டாது. தப்பென்றும் சொல்லாது. அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஸ்டீயரிங்கை முஷ்டியால் குத்தினேன். ஹாரன் அலற அலறக் குத்தினேன். “டேய், வேணாம்டா!” என்று போனில் அவள் கதறினாள். வலது மணிக்கட்டில் ஏதோ முறிந்த பிறகுதான் ஓய்ந்தேன்.

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். “வயர்னு ரிப்போர்ட் போட்டாச்சு. வாயை மூடு லா,” என்றார்.

மறுநாள் விரல் போன அந்தப் பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். “தப்பு என்னோடதுதான்,” என்றேன். அவள் நல்ல கையால் ஸ்டீல் டம்ளரை எடுத்து வீசினாள். புருவம் கிழிந்தது. அடுத்து பிளாஸ்க்கை எடுத்தாள். தம்பிதான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பியா?” என்று என்னைக் கேட்டான்.

இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே வேலை போயிற்று. இப்போது பெக்கான் நானாஸ் ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். தம்பி ஒருமுறை போன் செய்து, அக்காவை அதே ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்றான். அவள் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.