படம் வேகிற நேரம்

கணவர் ஒரு புது லேப்டாப் வாங்கிவிடாமல் ஒருத்தி வருஷக்கணக்காகத் தடுத்து வந்தாள், அதுவும் ஒரு தடவைகூட "வேண்டாம்" என்று சொல்லாமல் தடுத்தாள் என்றால் நம்புவீர்களா? மருந்துக்கடையில் பில் போடுகிறவள் அவள். கணவர் ஒரு மரப்பட்டறைக்காகக் கம்ப்யூட்டரில் சமையலறைப் படம் வரைந்து கொடுப்பவர். வாடிக்கையாளர் வீட்டில் அடுப்பு எங்கே, அலமாரி எங்கே, விளக்கைப் போட்டால் எப்படி மின்னும் என்பதெல்லாம் போட்டோ எடுத்த மாதிரி அவர் படத்தில் தெரியும். பட்டறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் "அடுத்தது".

பெயருக்குக் காரணம் இருக்கிறது. மனுஷர் லேசில் எதையும் வாங்கமாட்டார். ஃபிரிட்ஜ் பார்க்கப் போனால், "இதுக்கு அடுத்தது வரட்டும்" என்பார். அடுத்தது வந்தால் அதற்கும் அடுத்தது. வீட்டு ஃபிரிட்ஜின் கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் மூடிவைத்திருந்தார்கள்.

"கல்யாணத்துக்கு மட்டும் எப்படிங்க உடனே சரின்னீங்க?" என்று அவள் கேட்பாள்.

"உங்கப்பா எங்க யோசிக்க விட்டாரு?" என்பார்.

அவருடைய லேப்டாப் அரதப் பழசு. மடக்குகிற இடம் உடைந்துபோய், திரை சாய்ந்துவிடாமல் பின்னால் ஒரு மாவு டப்பா முட்டுக் கொடுத்து நிற்கும். படத்தை வரைந்து முடித்ததும் அதற்கு வெளிச்சமும் நிழலும் போடுகிற வேலையை லேப்டாப்பிடம் விட்டுவிட வேண்டும். அப்போது உள்ளே விசிறி போடும் கூச்சலில் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். "படம் வேகுது" என்பார்கள் வீட்டில். வேகிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அப்படியே நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் மனுஷர் என்ன செய்வார், பாவம்? வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார். அப்படி ஒரு நாள் சமையலறைப் பக்கம் வந்து நின்றபோது, வேலைவிட்டு வந்த களைப்பில் அவள், "சும்மாதானே நிக்கிறீங்க, இந்தத் தட்டைத் துடைங்க" என்றாள். துடைத்தார். மறுநாள் வெங்காயம் உரித்தார். அதுவரை உப்பு டப்பா எதுவென்று தெரியாத மனுஷர். சமையலறை வரைந்து பிழைக்கிறவர் வேறு! மெல்ல மெல்லப் பாத்திரமும் தேய்க்கத் தொடங்கினார்.

பாத்திரம் கிடக்கட்டும். பேச்சல்லவா தொடங்கியது! பட்டறை முதலாளி போனில் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டுவார். தூக்க மாத்திரை கேட்டு வந்து, கவுண்டரில் சாய்ந்தபடியே தூங்கிப்போன ஆளின் கதையை அவள் சொல்வாள். இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்வதற்குள் படம் வெந்துவிடும். தன் புருஷனுக்கு இவ்வளவு பேச வரும் என்று அந்தக் கிழட்டு லேப்டாப்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. புதிது வந்தால் படம் கண் சிமிட்டுவதற்குள் முடியும், மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் ரிப்பேர். அங்கே போய் நோண்டி நோண்டி விசாரித்து வைத்துக்கொள்வாள். "இனி தாங்காது, இந்த வாரம் வாங்கிடறேன்" என்று கணவர் கிளம்பினால், "தாராளமா வாங்குங்க" என்பாள். பிறகு கேரட்டைச் சீவிக்கொண்டே, "புது கிராபிக்ஸ் கார்டு வச்ச லேப்டாப் வரப்போகுதாமே? சூடும் கம்மியாம், மெமரியும் ரெண்டு மடங்காம்" என்று போட்டுவைப்பாள்.

"அப்படியா? அப்ப பொறுக்கலாம்" என்று மனுஷர் உட்கார்ந்துவிடுவார். மனசு உறுத்தும். அன்றைக்கு அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

ஆனால் தேய்த்துத் தேய்த்து அவர் கைக்குச் சமையலறை பிடிபட்டுவிட்டது. முன்பெல்லாம் கதவைத் திறந்தால் சுவரில் முட்டுகிற இடமாகப் பார்த்து ஃபிரிட்ஜை வரைவார். இப்போதோ, ஈரக் கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் துண்டு மாட்ட ஒரு கொக்கி! படங்களைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பட்டறை முதலாளி போன் செய்தார்.

"ஒரு அடுக்குமாடி முழுக்க நமக்கு வந்திருக்கு, உங்க படத்தைப் பார்த்துத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா வீட்டுக்கும் படம் வேணும். உங்க மெஷின் தாங்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அன்று மாலையே இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் புது லேப்டாப் ஒன்றைத் திறந்துவைத்தாள். கையோடு கொண்டுபோயிருந்த படத்தை அதில் போட்டுப் பார்த்தார் கணவர். அவள் கைப்பையைத் தோள் மாற்றுவதற்குள் படம் வெந்துவிட்டது. சத்தமே இல்லை. பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இதுக்கு அடுத்த கிராபிக்ஸ் எப்பம்மா வரும்?"

"சீக்கிரமே வரும்னு சொல்றாங்க மேடம்."

"பார்த்தியா!" என்று கணவர் கையை இழுத்துக்கொண்டார். "பொறுக்கலாமோ? முதலாளிகிட்ட வேணா அவகாசம் கேட்டுப் பார்க்கறேன்..." சொல்லும்போதே குரல் உள்ளே போனது. அவகாசம் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். இரண்டடி நகர்ந்தவர் அந்தத் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மனுஷர் தானே வெளியே நடந்துவிடுவார். அடுக்குமாடி வேறு ஆளுக்குப் போகும், சாயங்காலம் அவளுக்கு மிஞ்சும். ஆனால் தொங்கிப்போன இந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தச் சாயங்காலம் சிரிப்பது? வாழ்க்கையில் முதல்முதலாக இவர் படத்தைப் பார்த்து, இவரே வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள்.

"வர்றது வந்துக்கிட்டேதாங்க இருக்கும்," என்றாள். "நீ இதை பேக் பண்ணிக் குடும்மா."

கணவர் வாயைப் பிளந்தார். "நீயா சொல்றே?"

"நான்தான். மறுபடி மாத்திச் சொல்றதுக்குள்ள வாங்கிடுங்க."

மறுநாள் அவள் வேலைவிட்டு வந்தபோது, மாவு டப்பா அலமாரிக்கே திரும்பியிருந்தது. உள்ளறையில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. விசிறிச் சத்தம் இல்லாத வீடு என்னவோபோல் இருந்தது. "நல்லா வேணும் எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடிப்பிடித்த பாத்திரத்தை நறநறவென்று தேய்த்தாள்.

"படம் வேகுது."

திரும்பினாள். தோளில் துண்டோடு கணவர் நின்றிருந்தார்.

"அதுலதான் உடனே முடிஞ்சிடுமே?"

"பெரிய படம்," என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல்.

அவள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். படம் எப்போதோ முடிந்து, கொக்கியும் அதில் தொங்கும் துண்டுமாகத் திரையில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"பழசைக் குடுக்கலாம்னு உங்க பக்கத்து ரிப்பேர் கடைக்குப் போனேன்," என்றார் அவர், ஒரு தட்டை எடுத்துத் துடைத்தபடி. "அந்த ஆள் கேக்கறாரு, 'மருந்துக்கடை மேடம் எந்த கம்பெனிக்கு சார் கிராபிக்ஸ் தயார் பண்றாங்க? கேள்வி கேட்டே உயிரை எடுக்கறாங்க'ன்னு."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அடுத்தது எப்ப வருதாம்?" என்று கேட்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"படம் வேகட்டும், நல்லா வேகட்டும்," என்று சொல்லி, அடிப்பிடித்த பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.