முருகேசன் ஆடிய ஒரே மேட்ச்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முருகேசனுக்கு நான் கொடுத்திருந்த வாக்கு. போன நோன்புக்கு முன்னால் அவனே போன் செய்து, "எழுதுங்க பாய், இனிமே மறைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டான். அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். கல்ஃபில் கிரவுண்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

1. மணல் கிரவுண்டு

கார்டனர் விசாவில் ராஸ் அல் கைமா போய் இறங்கினேன். கம்பெனி என்னை ஒரு ரக்பி கிளப்பின் கிரவுண்டுக்கு அனுப்பியது. போய்ப் பார்த்தால் ஒரே மணல். இரண்டு பக்கமும் கோல் கம்பம், ஒரு ரோலர், ஒரு தண்ணீர் டேங்கர்.

"புல்லு எங்க சேட்டா?" என்று மலையாளி போர்மேனிடம் கேட்டேன்.

"புல்லெல்லாம் பெரிய டிவிஷனுக்கு. நம்மள் செகண்ட் டிவிஷன். நீ மணல நனை, ரோலர் ஓட்டு, கோடு போடு. பல்லு விழுந்து கிடந்தா பொறுக்கி வை, கேட்டு வருவாங்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் மாதமே ஒரு பல் கிடைத்தது.

மேல் டிவிஷனில் இடம் கிடைக்காத டீம்கள் எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் லீக். எமிரேட்ஸில் சில டீம்கள், மஸ்கட்டிலிருந்து ஒன்று, ராஸ் லஃபான் கேஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தோஹாவிலிருந்து ஒன்று. எஞ்சினியர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், குவாரி ஆபீசர்கள் என்று ஆடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் பள்ளிவாசலிலிருந்து ஓடி வருவதற்குள் பஸ்கள் வந்து நிற்கும். சில வருஷம் கழித்து எங்களுக்கும் புல் வந்தது. அதை நான்தான் வளர்த்தேன்.

2. ஆள் கடன்

ரக்பிக்கு ஒரு பக்கம் பதினைந்து பேர் வேண்டும். தோஹா டீம் ஷிப்டு மாற்றிக் கிடைக்காமல் பதிமூன்று பேரோடு வரும். நம் ஆட்கள் இரண்டு பேர் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நமக்கு எதிராகவே ஆடுவார்கள். பஸ் டிரைவர்கூட ஒருதடவை ஓரத்தில், விங் என்கிற இடத்தில், நின்றிருக்கிறார். லீக்காரர்கள் கண்டும் காணாமல் இருப்பார்கள். செகண்ட் டிவிஷன் உயிரோடு இருந்ததே இந்த ஆள் கடனால்தான்.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் கடன் ஆள் கூடாது. ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டு எட்டுப் பேராகக் கோர்த்து நின்று, குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். முன் வரிசையில் நிற்கிற மூன்று பேருக்கு ஃப்ரண்ட் ரோ என்று பெயர். அதில் இரண்டு ஓரத்து ஆளும் ப்ராப். பின்னால் இருக்கிறவர்களின் பாரம் முழுக்க இந்த மூன்று பேர் கழுத்தில் இறங்கும். பழகாதவனை அங்கே நிறுத்தக் கூடாது. பழகிய ஆள் இல்லாமல் வந்தால் மேட்ச் போச்சு. இது லீக்கின் கண்டிப்பான விதி.

3. வேலை போன வருஷம்

அப்புறம் கம்பெனிகள் வரிசையாக மூடத் தொடங்கிய வருஷம் வந்தது. இந்த வாரம் ஆடிய ஆள் அடுத்த வாரம் நாட்டிலேயே இருக்க மாட்டார். காரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு ராத்திரியோடு போயிருப்பார். ஆள் சேராமல் எங்கள் டீம் இரண்டு மேட்ச் விட்டுக்கொடுத்திருந்தது. இன்னொன்று விட்டால் லீக்கை விட்டு வெளியே என்று சொல்லிவிட்டார்கள். டீம் போனால் கிரவுண்டு போகும், கிரவுண்டு போனால் என் விசாவும் போகும். மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்த நேரம்.

முருகேசன் சிவகங்கைப் பக்கத்துப் பையன். டைல்ஸ் பேக்டரியில் லோடிங் வேலை. அவன் தங்கும் கேம்ப் எங்கள் வேலிக்குப் பின்னால். முதலில் வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். பிறகு உள்ளே வந்து பந்து பொறுக்கினான். பிறகு பிராக்டிஸில் அவர்களோடு ஓடினான்.

"இந்த வெள்ளக்காரய்ங்களோட உருண்டு என்னடா கெடைக்குது உனக்கு?" என்று கேட்டேன்.

"பேக்டரில என்னைய நம்பர் சொல்லித்தான் கூப்புடுறாய்ங்க பாய். இங்கதான் மோர்கன், மோர்கன்னு பேரச் சொல்றாய்ங்க. தப்பாச் சொன்னாலும் பேருதான?"

4. அந்த வெள்ளிக்கிழமை

மஸ்கட் டீம் வந்து இறங்கிவிட்டது. எங்கள் ப்ராப்களில் ஒருவர், குவாரியில் டூட்டியிலிருந்து விடவில்லை என்று போன் செய்தார். மாற்றுக்கு வேறு ப்ராப் கிடையாது. கேப்டன் கிரஹாம் சார், சிமெண்ட் கம்பெனி எஞ்சினியர், நேராக என்னிடம் வந்தார்.

"பாய், யுவர் மோர்கன். ஸ்ட்ராங் மேன். டுடே ப்ராப்."

"சார், விங் ஓகே. ப்ராப் நோ சார். நோ பிராக்டிஸ்."

"ஐ நோ, பாய். நோ ப்ராப், நோ மேட்ச். நோ மேட்ச், கிளப் கலாஸ். யூ கலாஸ், மீ கலாஸ்."

கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது என்று அர்த்தம். அவர் மிரட்டவில்லை. கண் சிவந்திருந்தது. அந்த வாரம் அவர் ஆபீசிலும் பாதிப் பேரை அனுப்பியிருந்தார்கள்.

முருகேசன் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டான்.

"வேணாம்டா தம்பி. விங்குன்னா நானே போன்னு சொல்லுவேன்."

"நாள் பூரா டைல்ஸ் பெட்டி ஏத்துற கழுத்து பாய் இது. லாரியே வந்து முட்டட்டும்."

"தலைல சொமக்குறது வேற, குனிஞ்சு நின்னு முட்டுறது வேறடா."

"நீங்க கோடு போடுற வேலையப் பாருங்க. நான் இன்னைக்கு பிளேயரு" என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

ரெஃப்ரி இரண்டு பக்கத்து ஃப்ரண்ட் ரோவையும் கூப்பிட்டு நிறுத்தி, எல்லோரும் பழகியவர்களா என்று கேட்டார். "யெஸ், ஆல் டிரெய்ன்ட்" என்றார் கிரஹாம் சார். முருகேசனும் கட்டைவிரலை உயர்த்தினான்.

முதல் ஸ்க்ரம் சரியாமல் நின்றது. எழுந்தவன் முகமெல்லாம் புல். என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவதும் நின்றது. மூன்றாவதில் ரெஃப்ரி, "க்ரவுச், டச், பாஸ்", அதாவது குனி, தொடு, நில், என்று சொல்லி "எங்கேஜ்", மோது, என்றதும் இடித்தார்கள். முன்வரிசை மடிந்து உள்ளே விழுந்தது. விசில் அடித்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவன் எழவில்லை.

ஓடினேன். மஸ்கட் டீமில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற ஒருவர் முருகேசனின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, யாரும் தொடாதீர்கள் என்று கத்தினார்.

"பாய், என் காலு எப்படிக் கெடக்கு? மடங்கிக் கெடக்கா, நீட்டிக் கெடக்கா? தெரிய மாட்டேங்குது."

"நீட்டித்தான்டா இருக்கு."

கிரஹாம் சார் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. நான் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். "நீ உன் சாமியக் கூப்புடுடா" என்றேன். அவன் உதடு அசைந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருபக்கத்து ஆட்டக்காரர்களும் வெயில் படாமல் அவனைச் சுற்றி நின்றார்கள்.

5. இரண்டு பொய்

கழுத்து எலும்பு முறிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. டூட்டியில் நடந்தது இல்லை என்று பேக்டரி கைவிரித்தது. கேம்பை மேய்க்கிற கேம்ப் பாஸ் ஒருபடி மேலே போய், குடித்துவிட்டுப் போய் விழுந்தான் என்று சொல்லி வைத்தார். முருகேசன் பீடிகூடத் தொடாதவன்.

வீட்டுக்குப் பேச நான்தான் போனை அவன் காதில் வைத்தேன். "லோடு சரிஞ்சிருச்சு, பயப்படாத" என்று மனைவியிடம் சொன்னான். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "வெளையாடப் போயி விழுந்தேன்னா ஊரு சிரிக்கும் பாய். சொல்லிறாதீங்க."

கிரஹாம் சார் தினமும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு அவர் வேலையும் போய் ஊருக்குப் போனார். முருகேசனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பினோம். அந்த சீசன் முடிவதற்குள் எங்கள் கிளப்பும் போனது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் என் புல்லும் போனது. நான் தோஹாவில் நஜ்மா என்கிற ஏரியாவில் ஒரு கடையில் சேர்ந்தேன்.

இப்போது முருகேசனின் மகன் பெரியவனாகிவிட்டான். கேம்பில் இருந்த பழைய ஆள் ஒருவர், "உங்கப்பன் குடிச்சுட்டு விழுந்தவன்தானடா" என்று ஒரு கல்யாண வீட்டில் அவனிடம் சொல்லிவிட்டார். பையன் வந்து அப்பா முகத்துக்கு நேராக, "லோடு சரிஞ்சுச்சுன்னீங்க. நெசமாச் சொல்லுங்க, குடிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறான். அதன் பிறகுதான், மனைவி போனைக் காதில் வைத்துப் பிடிக்க, எனக்கு அந்தப் போன்.

"லோடு சரிஞ்சதும் பொய், குடிச்சதும் பொய். நான் ப்ராப்பா நின்னேன் பாய். நீங்கதான் பாத்தீங்க. அவனுக்குத் தெரியணும்."

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். ஆள் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தோற்றதாக எழுதிக்கொள்ளட்டும். ஆடாமல் தோற்ற மேட்சில் யாருக்கும் கழுத்து முறிவதில்லை.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவனைத் தியாகி ஆக்க வேண்டாம், கிரஹாம் சாரைச் சைத்தான் ஆக்க வேண்டாம். முருகேசன் தெளிவோடு, தன் ஆசையோடு, ப்ராப்பாக நின்று மூன்று ஸ்க்ரம் ஆடினான். இது அவன் என்னை நம்பி ஒப்படைத்த அமானிதம். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உங்களிடம் தருகிறேன்.