மண்ணுக்குள் ஒரு புழுப்பல்லி

பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, மண் நிறைந்த ஒரு கண்ணாடித் தொட்டியை என் பொறுப்பில் விட்டார்கள். தெற்கு லண்டனில் உள்ள சிறிய ஊர்வனக் காப்பகம் ஒன்றில் நான் பராமரிப்பாளர். தொட்டிக்குள் ஒரு புழுப்பல்லி இருப்பதாகச் சொன்னார்கள். காலில்லாத பிராணி, பார்த்தால் மண்புழு என்றே நினைப்பீர்கள். மண்ணுக்கடியிலேயே வாழும். இந்த இனத்தைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். இன்னும் ஆராய வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் விரிவாக எழுதியிருந்தார்கள்.

பக்கத்திலுள்ள மிட்சம் நகரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றார்.

"தங்கச்சி, இதுக்குள்ள ஒண்டையும் காணேல்லை."

"இருக்குது அண்ணை. மண்ணுக்குள்ள."

"எங்கட வீட்டுக்குப் பின்னாலயும் மண் கிடக்கு. நாங்கள் டிக்கெட் போடுறேல்லை."

சிரித்தபடி ஆமைப் பக்கம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே உயிரோடுதான் இருக்கிறதா? அன்று மாலை ஒரு கரண்டியால் மண்ணை மெல்லக் கிளறிப் பார்த்தேன். இருந்தது. மறுநாளும் பார்த்தேன். பிறகு காலையும் மாலையும் அதுவே வழக்கமாயிற்று. கடமை தவறாதவள் என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

மாதாந்தம் எடை பார்க்கும் நாளில், பிராணி நன்றாக மெலிந்திருந்தது. எங்கள் கால்நடை மருத்துவர் கவிதா, மதுரைக்காரர், என் வயதை ஒத்தவர். மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தினமும் தோண்டுறீங்களா?"

"உயிரோட இருக்கோ எண்டு பாக்க..."

"அது தலையால முட்டி முட்டி வழி போடுது. நீங்க வந்து இடிச்சிடறீங்க. அப்புறம் எப்பங்க சாப்பிடும்? வீட்ல குழந்தையையும் இப்படித்தான் எழுப்பி எழுப்பிப் பாப்பீங்களா?"

நான் எடைத் தராசைத் துடைக்கத் தொடங்கினேன்.

"ஐயோ, பாப்பீங்க போல!"

இன்னும் மெலிந்தால் பிழைக்காது என்றார். இரண்டு வாரம் யாரும் மண்ணைத் தொடக்கூடாது. இரையைப் போட வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், போய்விட வேண்டும். போடும் இரைப்புழுக்களும் உடனே மண்ணுக்குள் போய்விடுவதால், அது தின்கிறதா என்பதுகூடத் தெரியாது.

துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஒருநாள் கை தானாகக் கரண்டியை எடுத்துவிட்டது. பொறுப்பாளர் ஜெயம் அண்ணை கண்டுவிட்டார்.

"பிள்ளை, அதை வையும். போய் ஆமைக்குக் கீரை வெட்டும்."

வெட்டினேன். ஆமைகள் தம் வாழ்நாளில் அவ்வளவு கீரையைக் கண்டிருக்காது.

தவணை முடிந்த அன்று கவிதா மண்ணை விலக்கினார். புழுப்பல்லி தடித்து, பளபளவென்று, எங்கள்மேல் பெரும் வெறுப்போடு நெளிந்தது. எடை கூடியிருந்தது.

"என்ன செய்தனீர்?" என்று கேட்டார் ஜெயம் அண்ணை.

"ஒண்டும் செய்யேல்லை அண்ணை."

"அப்ப புதுசா வாறவைக்கும் நீர்தான் ட்ரெயினிங் குடுக்கவேணும்."

இப்படித்தான் நான் இந்த இனத்தின் நிபுணர் ஆனேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கிளறுவது பிராணிக்காகவா உங்களுக்காகவா என்று கரண்டியைத் தொடுமுன் யோசியுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஷிப்டில் ஒரு வேலைதான். நான் மிகவும் களைத்துப்போனது அந்த வேலையில்தான்.